பரீட்சை முடியட்டும்

பாப்பா,

நீ ஓசூருக்குப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. என்னைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. காலை டூட்டிக்கு அரியாங்குப்பத்தில் முதல் பஸ் பிடித்து டவுனுக்குப் போகிறேன், மத்தியானம் திரும்பி வந்து ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்றுதான் இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சிவிடுகிறது. இதைச் சொல்வதற்காக எழுதவில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஐந்து வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பாவது சொல்லிவிடலாம் என்று பந்தக்கால் நட்ட அன்றும், நலங்கு வைத்த அன்றும் உன் பக்கத்தில் வந்து நின்றேன். நின்றுவிட்டு, "எதாவது வாங்கணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். வாயில் வராததை எழுதித்தான் பார்க்க வேண்டும். பத்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கிளம்பிய அன்று காலை மாப்பிள்ளை வாசலில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பரண் மேல் இருக்கும் அட்டைப்பெட்டியைக் காட்டி, உன் சி.ஏ. புத்தகங்களையும் எடுத்துப் போகிறாயா என்று நான் கேட்டேன். "பழைய பேப்பர்காரராண்ட போட்டுடுப்பா" என்றாய். படித்த புத்தகம் ஆயிற்றே, இருக்கட்டுமே என்றேன். நீ புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடியே, "அந்தப் பரீட்சை இல்லன்னா அம்மா இருந்திருக்கும்பா. அத எதுக்கு வச்சிக்கணும்?" என்றாய். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கேஸ் புக் செய்யச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாய். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழாமல் சொல்லும் அளவுக்கு அது உனக்குள் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. அது உண்மையில்லை பாப்பா. அது உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரு முனையில் வண்டி திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பொண்ணு என்ன படிச்சிருக்கு என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள். நான், "ஆடிட்டர் படிப்புல ரெண்டு கட்டம் பாஸ் பண்ணிருக்கு" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "பன்னெண்டாவதுங்க" என்று நீ சொல்லிவிட்டாய். அந்தப் படிப்புக்காக இரண்டு வருடம் என்னை எதிர்த்து நின்ற நீ, அதைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூட மனசில்லாமல் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

நான் ஏன் டிகிரி டிகிரி என்று அப்படி அலைந்தேன் என்பதை உனக்கு ஒருநாளும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. மில்லை மூடியபோது எனக்கு முப்பது வயது. நானும் ஏழுமலையும் ஒரே ஷிப்டில், பக்கத்துப் பக்கத்து மிஷினில் வேலை பார்த்தவர்கள். கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனோம், ஒரே வரிசையில் நின்றோம். அவன் தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தான். அவனை உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார்கள். எனக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்து கேட்டில் நிற்கச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்து மிஷினை ஓட்டியவன், தினமும் காலை அந்த கேட்டைத் தாண்டிப் போகும்போது நான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அவன் நல்லவன், "உக்காருடா" என்றுதான் சொல்வான். ஆனாலும் எழுந்து நின்றேன். வருடா வருடம் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவதையும், கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா அம்மாவோடு நின்று போட்டோ எடுப்பதையும் பார்ப்பேன். "அண்ணே, ஒரு போட்டோ எடுங்கண்ணே" என்று என்னிடமே போனைக் கொடுப்பார்கள். எத்தனையோ பேரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் என் பெண்ணை இப்படி நிற்க வைத்து வேறு யாரையாவது எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நீ நாலாவது படிக்கும்போதே நினைத்துவிட்டேன்.

அதனால் நீ பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிய அன்றே ஏழுமலையிடம் போனேன். அத்தனை வருடத்தில் அவனிடம் நான் வாயைத் திறந்து கேட்ட ஒரே உதவி அதுதான். பி.காம். சீட் கிடைத்தது. நானே ஸ்வீட் கடையில் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், அம்மா முகத்தைப் பார்த்தாய். "அப்பா, நான் காலேஜ் போவலப்பா. பன்னெண்டாவது முடிச்சவங்க நேராவே சி.ஏ. எழுதலாம். மூணு வருஷம் காலேஜ்ல உக்காந்துட்டு அப்புறம் அத எழுதறதுக்கு இப்பவே ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும். ஸ்கூல் சாருகிட்ட கேட்டுட்டேன்" என்றாய். "பாஸாவலன்னா?" என்று கேட்டேன். "ஆவேன்" என்றாய். "ஆவலன்னா கையில இன்னா இருக்கும்? ஒரு காகிதம் இருக்குமா?" என்று கத்தினேன். அந்தக் கேள்வி தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பரீட்சையை எழுதி எழுதிப் பாதியில் விட்டவர்களை எனக்கும் தெரியும். ஆனால் நான் கத்தியது அந்தப் பயத்தில் மட்டும் இல்லை. மறுநாள் ஏழுமலை முன்னால் போய் நின்று, வாங்கிக் கொடுத்த சீட்டை என் பெண் வேண்டாம் என்கிறாள் என்று சொல்ல வேண்டுமே என்ற அவமானம். "அப்ப உன் இஷ்டம். இனிமே என்னாண்ட எதுவும் கேக்காத, எதுவும் சொல்லாத" என்றேன். நான் சொன்னதை நீயும் அப்படியே எடுத்துக்கொண்டாய்.

இரண்டு வருடம் பாப்பா. இரண்டு அறை வீட்டில் இரண்டு வருடம் நாம் பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். "அப்பாவாண்ட மழை வருதுன்னு சொல்லு, கொடை எடுத்துக்கினு போவட்டும்" என்று நீ அடுக்களையில் சொல்வது எனக்கு நேராகவே கேட்கும். அம்மா வந்து அதை இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் குடையை எடுப்பேன். அவள் தையற்கடையில் காஜா எடுத்து, பொத்தான் தைத்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாடு வரை நம் இரண்டு பேர் பேச்சையும் சுமந்தாள். உன் பரீட்சைக் கட்டணத்தை அவள் கட்டியதும், போனில் வகுப்புப் பார்க்க உனக்கு ரீசார்ஜ் செய்ததும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். முதல் கட்டத்தை நீ ஒரே தடவையில் பாஸ் செய்தபோது அவள் என் சாப்பாட்டுத் தட்டில் கேசரி வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் பாதிப் பாடங்களை அடுத்த வருடம் முடித்தாய். அப்போதும் கேட்கவில்லை. மீதிப் பாதி மே மாதம் எழுதுவதாக இருந்தாய்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி.

அம்மா தன் உடம்பை எல்லோரிடமும் மறைத்துவிட்டாள் என்று நீ நம்புகிறாய். அவள் என்னிடம் மறைக்கவில்லை. அந்த வருடம் பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், நீ மொட்டை மாடியில் படித்துக்கொண்டிருந்தபோது, சொன்னாள். நின்று மூன்று வருடம் ஆன உதிரப்போக்கு மறுபடி வருகிறது, அடிவயிற்றில் வலியும் இருக்கிறது என்றாள். "சூடாயிருக்கும், எளநி குடி" என்றேன். ஒரு மாதம் கழித்து அவளே தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று காட்டிவிட்டு வந்தாள். ஸ்கேன் எடுக்க மார்ச்சில் ஒரு தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள், கூட ஒரு ஆளை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். சீட்டை என்னிடம் காட்டினாள். பார்த்தேன். அது எங்கள் கல்லூரியில் பட்டமளிப்பு விழா நாள்.

"அன்னைக்கி லீவு கெடைக்காது" என்றேன். "அப்ப பாப்பாவ கூட்டிக்கினு போவட்டுமா?" என்று கேட்டாள். உன்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நீ பதறிப்போய் நேராக என்னிடம் வந்து பேசுவாய். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். இறங்கி வந்தது நான்தான் என்று ஆகிவிடும். நம்புவாயா தெரியாது, அந்த நிமிடம் என் புத்தியில் ஓடியது அதுதான். "அவதான் பெரிய ஆடிட்டராவப் போறாளே, அவளுக்கு எங்க நேரம்? பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். அவள் சீட்டை நாலாக மடித்தாள். பிறகு, "சரி, முடியட்டும்" என்று அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

பரீட்சை முடியட்டும் என்று சொன்னது உன் அம்மா இல்லை. நான்.

லீவு கிடைக்காது என்றதும் பொய். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஏழுமலை என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ நீ வரவேணாண்டா, வேற ஆள் போட்டுக்கறேன். உனக்கும் மனசு கஷ்டமா இருக்கும்" என்றான். உன்னோடு பன்னிரண்டாவது படித்தவர்கள் யாரும் அந்த வருடம் பட்டம் வாங்கவில்லை, இருந்தாலும் அவனுக்கு என் மனசு தெரியும். நான் வேண்டாம் என்றுவிட்டுப் போய் நின்றேன். ஏன் போனேன் என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் இருந்தால் அவளை அழைத்துப் போக வேண்டியிருக்கும் என்பது ஒன்று. அங்கிகளைப் பார்த்துப் பார்த்து உன் மேல் இருந்த கோபத்தை ஆறவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஒன்று. அவளுக்கு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டிய நேரத்தில், யாரோ பெற்ற பெண்களை, "இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நில்லும்மா" என்று சொல்லி நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நீ வீட்டுக்கு வந்தபோது அம்மா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தரையெல்லாம் ரத்தம். ஆட்டோவில் அவள் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு போனாய். அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இரண்டு வருடம் கழித்து உன்னிடம் பேசினேன். "சாப்டியா?" என்று கேட்டேன். நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. அதை மார்ச்சிலேயே செய்திருக்கலாம் என்று அந்த இட்லியை விழுங்கும்போதே எனக்குத் தெரிந்தது.

டாக்டரிடம் நீ இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைப்பாளா என்று. "உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா ஆபரேஷன் பண்ற நெலமையில இருந்திருக்கலாம்" என்றார். அந்த ‘இருந்திருக்கலாம்’ என்ற சொல்லோடுதான் இன்றுவரை எழுந்திருக்கிறேன், படுக்கிறேன்.

ஜூலையில் உன் ரிசல்ட் வந்தது. வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தாய். மீதி இருந்த பாடம் எல்லாவற்றிலும் பாஸ். அம்மா உன்னை மார்க்கை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள், பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "எம்பொண்ணு ஆடிட்டர் ஆபீஸ்ல டிரெய்னிங் போவப் போவுது" என்றாள். அன்றுதான் அவள் கடைசியாகச் சிரித்து நான் பார்த்தது. நீ டீ வாங்கக் கீழே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "நான் முன்னாடியே உங்களாண்ட சொன்னத அவளாண்ட சொல்லாதீங்க. உங்கள வெறுத்துடுவா. எனக்கப்புறம் அவளுக்கு நீங்கதான இருக்கீங்க" என்றாள். சரி என்றேன்.

அக்டோபரில் போய்விட்டாள். காரியத்தன்று தவளக்குப்பத்துச் சித்தி உன் தலையைத் தடவிக்கொண்டு, "உன் பரீட்சை கெட்டுடக் கூடாதுன்னுதான்மா அக்கா வலிய உள்ளயே வச்சிக்கினா. அப்படியாப்பட்ட தாயி" என்று ஒப்பாரி வைத்தாள். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டதும் உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாலடி தூரத்தில் நின்றிருந்தேன் பாப்பா. "இல்ல, எனக்குத் தெரியும், நான்தான் தள்ளிப் போட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வாக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாக இருந்தது. என் பழி நகர்ந்து உன் தலையில் போய் உட்கார்ந்ததை நின்று பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

பயிற்சிக்கு வரச் சொன்ன ஆடிட்டரிடம் நீ போகவில்லை. மூலக்குளத்தில் டைல்ஸ் கடைக்குக் கணக்கு எழுதப் போனாய். துக்கம் ஆறினால் திரும்பிப் படிப்பாள் என்று நான் முதல் வருடம் நினைத்தேன். அடுத்த வருடம் கேட்கவே பயந்தேன். நீ எனக்குச் சமைத்துப் போட்டாய், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாய், பிரஷர் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாய். நான் அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். சொன்னால் இதெல்லாம் போய்விடுமே என்று இருந்தேன். அம்மா பயந்ததைவிட அதிகமாக நான் பயந்தேன்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகத் தெரிகிறார். இருந்தாலும் ஒரே வீட்டில் இருந்தால் மனஸ்தாபம் வரத்தான் செய்யும். கத்து, சண்டை போடு, தட்டைத் தூக்கிப் போடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் வார்த்தையை இன்னொருவர் தலையில் ஏற்றி அனுப்பாதே. அந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் கல்லூரியில் காமர்ஸ் எடுக்கும் மேடத்திடம் உன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டேன். காக்கிச் சட்டைக்காரன் நின்று இவ்வளவு கேட்கிறானே என்று அவர் நினைக்கவில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நீ பாஸ் செய்த இரண்டு கட்டமும் எங்கும் போகாது, அப்படியே இருக்கும் என்றார். பயிற்சியில் சேர்ந்து, முடித்து, கடைசிக் கட்டம் எழுதலாமாம். இத்தனை வருட இடைவெளிக்குப் பதிவில் ஏதாவது புதுப்பிக்க வேண்டியிருந்தால் கேட்டுச் செய்துகொள்ளலாமாம். ஓசூரிலும் பெங்களூரிலும் ஆடிட்டர் ஆபீசுக்குக் குறைவில்லை என்றார். "டிகிரி இல்லையேம்மா" என்றேன். "அது இல்லாமலேதான் உங்க பொண்ணு இவ்வளவு தூரம் வந்திருக்கா. எங்க பசங்க டிகிரி முடிச்சிட்டு இப்பத்தான் அதுக்கு வழி கேட்டுக்கிட்டு நிக்கறாங்க" என்றார். பதினெட்டு வயதில் நீ என்னிடம் சொன்னதும் இதைத்தான்.

எழுது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எழுதினால் உனக்காக எழுது. வேண்டாம் என்று முடிவு செய்தாலும், பிடிக்கவில்லை, நேரமில்லை என்று ஏதாவது ஒரு நல்ல காரணத்துக்காக வேண்டாம் என்று சொல். அம்மாவைக் கொன்ற பரீட்சை என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பரீட்சை அவளை ஒன்றும் செய்யவில்லை. நீ பாஸானதுதான் அந்த வார்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

அவளுக்குக் கொடுத்த வாக்கை இன்றைக்கு மீறிவிட்டேன். மேலே போய் அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அப்படி அவசரமாகக் கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

நாளைக் காலை டூட்டிக்குப் போகும் வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் செய்யும் நேரம் பத்து மணி. பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அடிக்காவிட்டால் ஏன் என்று எனக்குத் தெரியும், நான் தப்பாக நினைக்க மாட்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா